சிறுசுருட் சலனப்படமும் அதனைக் கைவிடாதாரும்

பொழுதுபோக்கிற்காகச் சலனப்படம் எடுப்போர் இந்நாளில் யாவர் எனின், கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் என்று விடை கூறுதல் எளிது. ஒரு திருமணப் பந்தலிற் சிறிது நேரம் நின்றால் இதன் உண்மை விளங்கும். ஆயின், செலவின்றி மணிக்கணக்காய்ப் பதியும் அக்கருவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, 8 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருளை விலை கொடுத்து வாங்கி, மூன்று நிமிடப் படத்திற்காக வாரக்கணக்கிற் காத்திருப்பாரும் சிலர் உளர். அச்சுருள் யாது, அவர் அதனை விடாது பற்றியிருப்பது எதன்பொருட்டு என்பவற்றை, இவ்வாண்டு கூரத்தில் யாம் பெற்ற சிறியதோர் அனுபவத்தோடு சேர்த்து எழுதப் புகுந்தோம்.

திரையரங்கிற்குரிய படச்சுருளின் அகலம் 35 மில்லிமீட்டர். வீட்டில் வைத்து ஆளுதற்கு அது பெரிது, விலையும் மிகுதி. ஆதலின் பிரான்சு நாட்டுப் பாத்தே நிறுவனத்தார் 1922இல் 9.5 மில்லிமீட்டர்ச் சுருளையும், அமெரிக்கக் கோடாக் நிறுவனத்தார் 1923இல் 16 மில்லிமீட்டர்ச் சுருளையும் இல்லத்தார்க்கென வெளியிட்டனர். 1932இற் கோடாக் செய்த சூழ்ச்சி நயமுடையது. 16 மில்லிமீட்டர் அகலமும் 25 அடி நீளமுமுள்ள சுருளில் முதலில் ஒரு பாதியிற் படம் எடுத்து, பின்பு அதனைத் திருப்பியிட்டு மறுபாதியில் எடுத்தல் வேண்டும். கழுவிய பிறகு நடுவே பிளந்து ஒட்டினால் 8 மில்லிமீட்டர் அகலத்தில் 50 அடி கிடைக்கும். திருப்பியதை மறந்து மீண்டும் திருப்பினாரோ, படத்தின்மேற் படம் ஏறிவிடும். காஞ்சியில் எமக்கு அறிமுகமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் மகனின் காதணி விழாவின்மேல் வரதராசப் பெருமாளின் கருட சேவை ஊர்ந்து செல்லும் சுருள் ஒன்றனை இன்றளவும் போற்றி வைத்திருக்கின்றார். “பெருமாளே வந்து காது குத்தினார்” என்று அவர் நகைப்பது வழக்கம்.

இத்தொல்லை ஒழிய 1965இற் பிறந்தது ‘சூப்பர் 8’. சுருள் ஒரு பெட்டிக்குள் அடைபட்டு வரும். கேமராவிற் செருகினாற் போதும். ஓரத்துளைகளைச் சிறிதாக்கியமையால் ஒவ்வொரு படமும் முன்னையதினும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பரப்புப் பெற்றது. ஒரு பெட்டியில் 50 அடி. அடிக்கு 72 படம். ஆக 3,600 படம். வினாடிக்கு 18 படமாக ஓட்டினால் 3 நிமிடம் 20 வினாடியில் முடிந்துவிடும். இக்கணக்கை வாசகர் நினைவில் வைத்தல் நன்று. பின்வரும் வழக்கிற்கு அதுவே வேர்.

1970களின் பிற்பகுதியிலிருந்து வீடியோ நாடா பரவிற்று, சிறுசுருள் தேய்ந்தது. வண்ணத்திற்குப் பேர்பெற்ற கோடாக்குரோம் சுருளைக் கழுவிய இறுதி நிலையம், அமெரிக்காவின் கான்சாசில் 2010ஆம் ஆண்டின் முடிவில் அப்பணியை நிறுத்திற்று. 2012இற் கோடாக் நிறுவனமே திவால் காப்பு வேண்டி நீதிமன்றம் புகுந்தது. நம் நாட்டிலும் உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்டு, ‘இந்து’ என்னும் பெயராற் கறுப்பு-வெள்ளைச் சுருள்களை விற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை இன்று இயங்கவில்லை. இத்துணையும் நிகழ்ந்த பின்னும் இக்கலை முற்றும் மாயவில்லை. இலண்டனில் 1999இல் தொடங்கிய ‘ஸ்ட்ரெய்ட் 8’ என்னும் போட்டியில், ஒரே பெட்டிச் சுருளில் வெட்டும் ஒட்டும் இன்றி எடுத்த படத்தை, எடுத்தவரே முதன்முறை மக்களோடு அமர்ந்து காண்கின்றார். மும்பையின் ஹர்கத் கலைக்கூடத்தார் 2017 முதல் 16 மில்லிமீட்டர்ப் படங்களுக்கென்றே விழா நடத்தினர். கோடாக் நிறுவனமும் 2023இற் புதிய சூப்பர் 8 கேமரா ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் விலை ஐயாயிரம் டாலருக்கு மேலாதலின், அஃது எம்போன்றோர்க்குக் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பண்டமேயாம்.

இனி, ஏன் என்னும் வினா. படச்சுருளின் அழகு தனி என்பர் பலர். அம்மறுமொழி எமக்கு நிறைவளிக்கவில்லை. கைப்பேசிப் படத்தின்மேற் பொய்க் கீறலும் பொய்த் தூசும் தூவித்தரும் செயலிகள் மலிந்துள்ளன. அழகு மட்டுமே கருத்தாயின் அவை போதும். கூரத்திற்குச் சென்றபோது வேறொரு விடை எமக்குத் தோன்றிற்று. பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனுடைய கூரம் செப்பேடுகளைத் தமிழ் மாணவர் அறிவர். அவ்வூர்ச் சிவன்கோயிலுக்கு அளித்த நிலமும், மண்டபத்திற் பாரதம் வாசித்தற்கு விட்ட பங்கும் அவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளன. ஏழாம் நூற்றாண்டில் வெட்டிய எழுத்தை இன்று படித்தற்குக் கண்ணும் கல்வியுமே வேண்டும். கருவி யாதும் வேண்டா. படச்சுருளும் அவ்வினத்தது. சாளரத்தருகே தூக்கிப் பிடித்தால் உருவம் தெரியும். மேற்கூறிய ஆசிரியர் இல்லத்தில் 1974ஆம் ஆண்டுச் சுருள் இன்றும் தெளிவாயுளது. அவ்வில்லத்திலேயே 1989இல் நடந்த திருமணத்தின் வீடியோ நாடா பூஞ்சணம் பூத்துக் கிடக்கின்றது. நாடா நன்றாயிருப்பினும் ஓட்டிப்பார்க்கும் கருவி அரிதாயிற்று. அதனைச் செய்துவந்த சப்பானிய நிறுவனமான பூனாய் 2016இல் தன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நடுநிலையிற் கூறின், சுருளும் சிரஞ்சீவி அன்று. வெப்பமும் ஈரமும் மிக்க நம் நாட்டில் அதன் அசிடேட் தளம் சிதைந்து, காடி நாற்றம் வீசிச் சுருங்குவதுண்டு.

அன்று கூரம் சென்றோர் மூவகை அகவையினர். ஆசிரியர் எண்பதை நெருங்கியவர். இளமையில் அவ்வூரில் வளர்ந்தவர். உடன் வந்த மற்றொருவர் நாற்பத்தைந்து அகவையினர். திருமண வீடியோ எடுப்பது அவர் தொழில். “ஒரு கல்யாணத்துக்கு ஆறு மணி நேரம் எடுத்துக் கொடுக்கிறேன் தம்பி, கொடுத்த பிறகு யாரும் முழுக்கப் பார்த்ததாகத் தெரியவில்லை” என்று எம்மிடம் சொன்னார். விடுமுறை நாளில் தம் பொருட்டு எடுக்கும்போது மட்டும் அவர் கை சூப்பர் 8 கேமராவை நாடும். மூன்றாமவர் தமிழ் ஆனர்சு மாணவராகிய யாம் இருவர். ஒரு பெட்டிச் சுருளின் விலை எம் விடுதியின் ஒரு மாத உணவுச் செலவை ஒத்தது. ஆதலின் மூவகையாரும் கூடி ஒன்றே வாங்கினோம். 200 வினாடியை மூன்றாகப் பகுத்து, ஏறக்குறைய 66 வினாடி ஒவ்வொரு பங்கென உடன்பட்டோம்.

ஆசிரியருக்குக் கண்பார்வை குன்றி வருகின்றது. மருத்துவர் மருந்து தருகின்றார், மீட்டுத்தருவதாகச் சொல்லவில்லை. கூரத்தாழ்வான் பிறந்த ஊர் அது. இராமாநுசரோடு காசுமீரம் சென்று, போதாயன விருத்தியை ஒருமுறை படித்த அளவிலேயே நெஞ்சிற் பதித்து வந்தார் என்றும், பின்னாளிற் சோழன் அவையிற் கண்ணிழந்தார் என்றும் வைணவர் கூறும் வரலாற்றை, வண்டியில் வரும்போது ஆசிரியரே எமக்குச் சொன்னார். தம் கண்ணைப்பற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை.

வீடியோக்காரர் தம் பங்கைக் குளக்கரையில் அளவோடு முடித்தார். பிறகு யாம் தொடங்கினோம். வெயிலிற் காய்ந்த நெல், ஆடு மேய்க்கும் சிறுவன், வரப்பின்மேல் நின்ற கொக்கு என்று கண்டதையெல்லாம் எடுத்தோம். கைப்பேசியிற் பழகிய விரல் பொத்தானைவிட்டு எழ மறுத்தது. “தம்பி, விரலை எடு, விரலை எடப்பா” என்று ஆசிரியர் இருமுறை கூறிய பின்னரே எண்காட்டியை நோக்கினோம். அவர் பங்கில் 26 வினாடியை யாம் தின்றுவிட்டிருந்தோம். எஞ்சியது 40. நாணத்தால் எம் முகம் கவிழ்ந்தது. அவரோ, “போதும், நிறையவே இருக்கிறது” என்றார்.

பல்லவர் கோயிலின் பின்புறம் அரைவட்டமாய் வளைந்தது. சிற்பநூலார் தூங்கானைமாடம் என்பது அதுவே. அவ்வளைவை நோக்கி முக்காலியை நிறுத்தச் சொன்னார். வீடியோக்காரர் தூரத்தை அடியளந்து குவியம் வைத்தார். ஆசிரியர் கண்ணைக் கேமராவில் வைக்கவில்லை. பொத்தானின்மேற் கையை வைத்து, வாய்க்குள் எண்ணியவாறு நான்கு முறை பத்துப் பத்து வினாடியாக எடுத்தார். ஒவ்வொரு முறையும் வெயில் முகில்நீங்கிக் கல்லின்மேல் விழுந்ததனைக் கன்னத்திற் பட்ட சூட்டால் அறிந்தே அமுக்கினார் என்பது பின்னர்க் கேட்டறிந்தது.

கழுவுதலை யாமே செய்தோம். கல்லூரி இருட்டறையிற் பெட்டியை உடைத்து 50 அடியையும் ஒரு வாளியில் இட்டு, டெவலப்பர் நீரிற் புரட்டினோம். ஒளி பட்ட வெள்ளி உப்புக் கறுக்கும். அக்கறுப்பைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கந்தகக் காடியும் கலந்த நீர் கரைத்துவிடும். எஞ்சிய உப்பிற்கு ஒளி காட்டி மீண்டும் டெவலப்பரில் இட்டால், நிழல் நிழலாகவும் ஒளி ஒளியாகவும் நேர்ப்படம் தோன்றும், ஈற்றில் ஹைப்போ. இருளிற் சுருளைப் பிரித்துப் புரட்டாது பதறினமையால், பல அடிகள் ஒன்றோடொன்று ஒட்டி மருந்து ஏறாமற் போயின. கொக்கும் ஆடும் நெல்லும் கறைபடிந்து அழிந்தன. குளக்கரை பாதி பிழைத்தது. ஆசிரியரின் 40 வினாடி ஓரிடத்திலும் பழுதின்றி வந்திருந்தது. அஃது எம் திறத்தால் அன்று.

சுருளை அவர் இல்லத்திற்கு எடுத்துச் சென்றோம். சாளரத்தண்டை அமர்ந்து இரு கையாலும் ஏந்தி நெடுநேரம் பார்த்தார்; பின்னர் ஓரத்துளைகளைப் பெருவிரல் நகத்தால் ஒவ்வொன்றாய்த் தடவிக்கொண்டே சென்றார்.

“அந்த வளைவு விழுந்திருக்கிறதா?” என்றார்.

“விழுந்திருக்கிறது, ஐயா. நான்கு முறையும்.”

“வெயில்?”

“மூன்றாவதில் நன்றாக.”

சுருளைத் தகரப் பெட்டியிலிட்டு, 1974ஆம் ஆண்டுச் சுருளின் அருகே வைக்குமாறு எம்மிடம் நீட்டினார்.