அர்ச்சனைக் கடையில் 12 மணி நேரம்: இந்தியாவில் வேலை, அமெரிக்காவில் இல்லை... எப்படி?

"இந்தியாவில் வேலையின்மை 3.2 சதவீதம்தான்." இந்தச் செய்தியைப் பார்த்ததும், 'என்கூடப் படிச்சவங்கள்ல பாதிப் பேர் இன்னும் வேலை தேடிட்டுத்தானே இருக்காங்க?' என்று யோசித்தீர்களா? அந்த எண் பொய் இல்லை. ஆனால், எப்படி எண்ணினார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் திருமழபாடியை எடுத்துக்கொள்வோம். அங்கே வைத்தியநாதசுவாமி கோயில் வாசலில் கணவர் அர்ச்சனைக் கடை வைத்திருக்கிறார் என்று வையுங்கள். மனைவி தினமும் 2 மணி நேரம் கடையைப் பார்த்துக்கொள்கிறார். சம்பளம் கிடையாது. வாரத்துக்கு 6 நாள், மொத்தம் 12 மணி நேரம்.

இந்தியாவின் தொழிலாளர் கணக்கெடுப்பில் (பி.எல்.எஃப்.எஸ்) அவர் வேலையில் இருப்பவர். வாரத்தில் ஏதாவது ஒருநாள் ஒரு மணி நேரம் உழைத்தாலே போதும். அமெரிக்கக் கணக்கெடுப்பில் அவர் வேலையில் இருப்பவர் இல்லை. சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலில் உதவுபவர் வாரத்துக்கு 15 மணி நேரமாவது உழைத்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி.

இது ஏதோ அபூர்வமான கேஸ் இல்லை. 2023-24 அறிக்கைப்படி, இந்தியாவில் வேலையில் இருக்கும் பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் இப்படிச் சம்பளமில்லாத உதவியாளர்கள்தான்!

சரி, வேலை இல்லாதவர் யார்?

நடவு முடிந்து, அறுவடைக்கு நாள் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் பெண் வீட்டில் இருக்கிறார். 'யாராவது கூப்பிட்டா போவேன்' என்கிறார். ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். விண்ணப்பம் போட்டா தேடுவார்கள்? இந்தியக் கணக்கில், வேலை செய்யத் தயார் என்று சொன்னாலே அவர் வேலையில்லாதவர். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ) வரையறையோ, தயாராக இருந்தால் மட்டும் போதாது, தேடியும் இருக்க வேண்டும் என்கிறது. தேடவில்லை என்றால் வேலையின்மை விகிதத்தில் அவர் வரவே மாட்டார்.

அடுத்தது வீட்டுச் சாப்பாட்டுக்காக மட்டும் நெல் விளைவிப்பவர். நம் கணக்கில் அதுவும் வேலை. 2013-ல் ஜெனீவாவில் நடந்த 19-வது தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு, கூலிக்கோ லாபத்துக்கோ செய்வது மட்டுமே 'வேலைவாய்ப்பு' என்று வரையறையைச் சுருக்கியது. சொந்தத் தேவைக்கான உழைப்பைத் தனியாக எண்ணச் சொன்னது. இதை அப்படியே இங்கே கொண்டுவந்தால், கிராமத்துப் பெண்கள் பலர் ஒரே நாளில் 'வேலை' பட்டியலிலிருந்து காணாமல் போவார்கள். ஒப்பிட வசதிதான், ஆனால் அந்த உழைப்பைத் தனியாகவும் எண்ணாவிட்டால் நஷ்டம் அவர்களுக்கே.

முதலில் பார்த்த 3.2 சதவீதத்துக்கு வருவோம். அது ஓராண்டைத் திரும்பிப் பார்க்கும் கணக்கு. ஆண்டில் 30 நாள் துணை வேலை செய்திருந்தாலும் வேலையில் இருப்பவர்தான். அதே 2023-24 அறிக்கை கடைசி 7 நாளை மட்டும் பார்க்கும்போது 4.9 சதவீதம் என்கிறது. ஐ.எல்.ஓ முறைக்கு இந்த வாரக் கணக்குதான் நெருக்கம்.

2025 ஜனவரியிலிருந்து கணக்கெடுப்பே மாறிவிட்டது. ஜூலை-ஜூன் ஆண்டு போய், மற்ற நாடுகளைப் போல ஜனவரி-டிசம்பர் வந்திருக்கிறது. கிராமம், நகரம் இரண்டுக்கும் மாதாமாதம் எண் வருகிறது. முதலாவதாக வெளியான 2025 ஏப்ரல் மாத வேலையின்மை 5.1 சதவீதம். இதை 3.2-உடன் வைத்து 'எகிறிடுச்சு' என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், ஒன்று வாரக் கணக்கு, இன்னொன்று ஆண்டுக் கணக்கு என்று பதில் போடலாம்.

நாடுகளை ஒப்பிட வேண்டுமென்றால் ஐ.எல்.ஓ தளத்துக்குப் போவது நல்லது. ஒவ்வொரு நாட்டின் கணக்கெடுப்புத் தரவையும் வாங்கி, ஒரே வரையறையில் மறுபடி எண்ணிப் போடுகிறார்கள். அங்கே இந்தியாவின் எண் டெல்லி சொல்லும் எண்ணிலிருந்து வேறுபட்டிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.