பறவைகளைக் காத்த உழவர் ஊர்

ஃபீனிக்ஸ் பே பகுதியில் வளரும் குழந்தைகளுக்குக் கடலும் கப்பலும் நன்கு பழக்கமானவை. ஏரியை நம்பி வாழும் ஊரையோ அவர்களுள் பலர் தாத்தா பாட்டி சொல்லித்தான் அறிந்திருப்பர். அத்தகைய பழமையான ஊர்களுள் ஒன்று, தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள வேடந்தாங்கல்.

தாங்கல் என்பது மழைநீரைத் தேக்கி வைக்கும் சிறிய ஏரி. ஊர்ப்பெயரில் வேடனும் இருக்கிறான். ஆனால், அவ்வூரார் வேட்டையைத் தடுத்தே புகழ்பெற்றனர் என்பது வியப்புக்குரியது.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறையும். நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் முதலியவை கூடு கட்டும். அவை சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும் மீனும் நத்தையும் தேடித் தின்னும், குஞ்சுகளுக்கும் கொண்டுவரும். அவற்றின் எச்சம் மரத்தடி நீரில் விழும். அதில் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. மதகைத் திறந்தால் அந்நீர் வாய்க்கால் வழியே நெல்வயலுக்குப் பாயும். பிற ஊர்களில் எருவை வண்டியில் ஏற்றிச் சென்று வயலில் கொட்ட வேண்டும். இங்கோ எரு நீரோடு தானே வந்து சேர்ந்தது.

ஆகவே, ஆங்கிலேயப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டபோது உழவர்கள் கலங்கினர். வெடியோசைக்கு அஞ்சிப் பறவைகள் அகன்றால் விளைச்சல் குறையும். விளைச்சல் குறைந்தால் உணவுக்கும் வரிக்கும் என்ன செய்வது? அவர்கள் மாவட்ட ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டனர். ஏரியில் எவரும் பறவைகளைச் சுடலாகாது என்று, 1798ஆம் ஆண்டில் அவர்களுக்குக் 'கவுல்' என்னும் உறுதிப்பத்திரம் கிடைத்தது. துப்பாக்கி ஏந்தியவர்களை ஓர் எளிய சிற்றூர் ஒரு தாளைக் கொண்டு தடுத்துவிட்டது!

ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள அவ்வேரி 1936இல் பறவைகள் புகலிடமாக ஏற்கப்பட்டது. 2022இல் உலகச் சிறப்புமிக்க ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

இவ்வழக்கம் வேடந்தாங்கலோடு நின்றுவிடவில்லை. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் தங்கும் பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. குழந்தைகளுக்கு இது எளிய செயலன்று. ஆயினும் அவர்களும் அதை ஏற்றுக்கொண்டுள்ளனர்.

மழை பொய்த்த ஆண்டில் ஏரி வறண்டுவிடும். பறவைகள் வேறு நீர்நிலையைத் தேடிச் செல்லும். மீண்டும் ஏரி நிறைந்தால், பழைய மரங்களுக்கே திரும்பி வரும்.