பதிவேட்டில் ஏறாத குற்றங்கள்

போரூரிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் பேருந்தில் அமர்ந்தால், ஐயப்பன்தாங்கலை அடுத்துக் காட்டுப்பாக்கம் வரும். சென்னை மேற்கு நோக்கி வளர வளர, வீடுகளும் கடைகளும் நெருங்கிப் பெருகிய புறநகர்களுள் இதுவும் ஒன்று. இங்கே சென்ற ஆண்டு எத்தனை சைக்கிள்கள் திருட்டுப் போயின? எத்தனை பேர் கைப்பேசியைப் பறிகொடுத்தார்கள்? இதற்கு எப்படி விடை காண்பீர்கள்?

மழையை அளக்க மழைமானி இருக்கிறது. காய்ச்சலை அளக்க வெப்பமானி இருக்கிறது. குற்றத்தை அளக்க என்ன கருவி? "காவல் நிலையத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்களே!" என்பீர்கள். காவல் நிலையம் ஓர் எண்ணைச் சொல்லும் என்பது உண்மைதான். ஆனால் அது வேறொரு கேள்விக்கு விடை. எத்தனை குற்றங்கள் பதிவாயின என்பதை அந்த எண் காட்டும். எத்தனை நடந்தன என்பதைக் காட்டாது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அறிஞர்கள் எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம்.

ஒரு சைக்கிளின் பயணம்

ஒரு வீட்டு வாசலில் நின்ற பழைய சைக்கிள் காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது அரசுக் கணக்கில் ஓர் எண்ணாக மாற எத்தனை படிகளைக் கடக்க வேண்டும்?

முதலில், அது திருட்டுத்தான் என்று உரியவர் முடிவு செய்ய வேண்டும். யாரோ இரவல் எடுத்துப் போயிருக்கலாம் என்று அவர் இரண்டு நாள் காத்திருக்கக்கூடும். அடுத்து, புகார் கொடுப்பதால் பயன் உண்டு என்று அவர் நம்ப வேண்டும். "பழைய சைக்கிள்தானே, இதற்காக ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு யார் அலைவது?" என்று நினைத்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். அவர் காவல் நிலையம் சென்று மனு கொடுத்தால், தமிழ்நாட்டில் அதற்கு ஒரு ரசீது தருவார்கள். மக்கள் பேச்சில் அதன் பெயர் சி.எஸ்.ஆர். இதுவும் கடைசிப் படி அன்று. முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., பதிவானால்தான் அந்தச் சைக்கிள் குற்றக் கணக்கில் ஏறும். கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் கட்டாயம் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அப்படி ஒரு தீர்ப்பு தேவைப்பட்டதே, இந்தப் படியில் எவ்வளவு நழுவிப்போகிறது என்பதற்குச் சான்று.

எல்லாக் குற்றங்களும் ஒரே அளவில் நழுவுவதில்லை. கொலையை மறைப்பது கடினம். மோட்டார் சைக்கிள் திருட்டுப் போனால் காப்பீட்டுத் தொகைக்கு எஃப்.ஐ.ஆர். தேவை, ஆகவே பெரும்பாலோர் புகார் கொடுக்கிறார்கள். பேருந்து நெரிசலில் பர்ஸைப் பறிகொடுத்தவரோ, தம் கவனக்குறைவை நொந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். வீட்டுக்குள் நடக்கும் அடி உதை இன்னும் ஆழத்தில் மறைந்து கிடக்கிறது. இவ்வாறு கணக்கில் வராமல் போகும் தொகையைக் குற்றவியலார் 'இருண்ட எண்' என்கிறார்கள்.

எண் கூடினால் குற்றம் கூடியதா?

நம் நாட்டில் இக்கணக்குகளைத் தொகுப்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். இது 1986-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 'இந்தியாவில் குற்றம்' என்ற ஆண்டறிக்கை அதற்கும் முன்பே, 1953-ஆம் ஆண்டிலிருந்து வருகிறது. இந்த எண்களைப் படிக்கும்போது எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகளைக் காணுங்கள்.

2019-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் இந்திய தண்டனைச் சட்டத்தின்கீழ் பதிவான வழக்குகள் சுமார் 1 லட்சத்து 68 ஆயிரம். 2020-ஆம் ஆண்டில் அவை சுமார் 8 லட்சத்து 91 ஆயிரம்! ஒரே ஆண்டில் ஐந்து மடங்குக்கும் மேல். தமிழர்கள் திடீரென்று கெட்டுப் போனார்களா? இல்லை. அது கொரோனா ஆண்டு. ஊரடங்கை மீறி வெளியே வந்தவர்கள்மீது வழக்குகள் குவிந்தன. நாடு முழுவதும் அரசு ஆணையை மீறிய குற்றத்துக்கான வழக்குகள் மட்டும் 29,469-லிருந்து 6,12,179 ஆயின. அதே ஆண்டில் திருட்டு வழக்குகள் குறைந்தன.

எண்ணும் முறையும் எண்ணை மாற்றும். ஒரே சம்பவத்தில் கொள்ளையும் கொலையும் நடந்தால், ஆண்டறிக்கை பெரிய குற்றமான கொலையை மட்டும் எண்ணும். எல்லைக் கோடும் அப்படித்தான். 2022 ஜனவரி 1 அன்று ஆவடி காவல் ஆணையரகம் உருவானது. சென்னை மாநகரக் காவலில் இருந்த அம்பத்தூர் போன்ற பகுதிகள் அதில் சேர்ந்தன. அதற்கு முந்தைய ஆண்டின் சென்னை எண்ணையும் பிந்தைய ஆண்டின் சென்னை எண்ணையும் அருகருகே வைத்து 'கூடியது, குறைந்தது' என்று பேசினால், இரு வேறு நிலப்பரப்புகளை ஒப்பிட்டவர்கள் ஆவோம்.

சில வேளைகளில் எண் கூடுவது நல்ல செய்தியாகவும் இருக்கலாம். 1993-ஆம் ஆண்டுக்குப் பின் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கப்பட்டது. பெண்கள் பதவிக்கு வந்த மாநிலங்களில், பெண்களுக்கு எதிரான குற்ற வழக்குகள் மிகவும் கூடியதைப் பொருளியல் ஆய்வாளர்கள் கண்டார்கள். குற்றங்கள் பெருகியதைவிட, புகார் கொடுக்கும் துணிவு பெருகியதே இதற்கு முக்கியக் காரணம் என்று 2012-ஆம் ஆண்டில் வெளியான அவர்களது ஆய்வு முடிவு கூறியது.

வீட்டுக் கதவைத் தட்டினால்

அப்படியானால் உண்மையை அறிய என்ன வழி? காவல் நிலையத்தை விட்டு வெளியே வந்து, மக்களையே கேட்பதுதான். "கடந்த ஓர் ஆண்டில் உங்களிடமிருந்து ஏதேனும் திருடப்பட்டதா? புகார் கொடுத்தீர்களா? இல்லையென்றால், ஏன்?" இதற்குப் பாதிக்கப்பட்டோர் கணக்காய்வு என்று பெயர்.

அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டில் சுமார் 10,000 வீடுகளில் முதன்முறையாக நாடு தழுவி இவ்வாறு கேட்டார்கள். காவல்துறை எண்ணைவிடக் குற்றங்கள் மிக அதிகம் என்று தெரிந்தது. பின்னர் அங்கே இது தொடர்ந்து நடக்கும் பணியாயிற்று. பிரிட்டன் 1982-ஆம் ஆண்டில் தொடங்கியது. பன்னாட்டுக் கணக்காய்வு ஒன்று 1992-ஆம் ஆண்டில் பம்பாய் நகரத்தையும் சேர்த்துக்கொண்டது. சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் பேராசிரியர் கே. சொக்கலிங்கம், தென்னிந்தியாவின் நான்கு பெரிய நகரங்களில் நடத்திய இத்தகைய ஆய்வு, 2003-ஆம் ஆண்டில் ஐ.நா. இதழ் ஒன்றில் வெளியாயிற்று.

2017-ஆம் ஆண்டில் ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. டில்லி, மும்பை, பெங்களூர், சென்னை ஆகிய நான்கு மாநகரங்களில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கேட்டு எழுதப்பட்ட அறிக்கை அது. பொருளைத் திருட்டுக் கொடுத்தவர்களில் எஃப்.ஐ.ஆர். வரை சென்றவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை என்று அதில் தெரியவந்தது. நாம் செய்தித்தாளில் படிக்கும் திருட்டு எண்ணிக்கை எவ்வளவு சிறிய துண்டு, பார்த்தீர்களா?

யாரைக் கேட்பது?

காட்டுப்பாக்கத்தில் எல்லா வீட்டுக்கும் செல்ல முடியாது. சிலரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலை எட்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களைக் கேட்கலாமா? கூடாது. வீட்டிலிருக்கும் பெண்களும் முதியவர்களும் விட்டுப்போவார்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடித்துத் தூங்குபவரும் விட்டுப்போவார். வாக்காளர் பட்டியலைக் கொண்டு தேர்ந்தெடுத்தால், வெளிமாநிலத்திலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் தொழிலாளர்கள் விட்டுப்போவார்கள். எல்லா வீடுகளையும் பட்டியலிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் சம வாய்ப்புக் கிடைக்குமாறு குலுக்கல் முறையில் எடுப்பதே சரியான முறை.

எத்தனை வீடுகள் போதும்? 400 வீடுகளைக் கேட்டதில் 20 வீடுகளில் திருட்டு என்று வைத்துக்கொள்வோம். அது நூற்றுக்கு 5. ஆனால் வேறு 400 வீடுகளை எடுத்திருந்தால் விடை சற்று மாறியிருக்கும். ஆகவே உண்மை பெரும்பாலும் 3-க்கும் 7-க்கும் இடையே இருக்கும் என்றுதான் புள்ளியியல் சொல்லும். 1,600 வீடுகளைக் கேட்டு அதே விகிதம் வந்தால், இடைவெளி 4-க்கும் 6-க்கும் இடையே சுருங்கும். பிழை பாதியாகக் குறைய, உழைப்பு நான்கு மடங்கு ஆகவேண்டும்!

எப்படிக் கேட்பது?

"உங்களுக்குக் குற்றம் ஏதாவது நேர்ந்ததா?" என்று கேட்டால் பலர் 'இல்லை' என்பார்கள். "சைக்கிள் போனதா? செருப்பு போனதா? வாசலில் வைத்த கேஸ் சிலிண்டர் போனதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், "ஆமாம், போன ஐப்பசியில் ஒன்று போயிற்று" என்று நினைவு வரும். நினைவு தவறும். இரண்டு ஆண்டுக்கு முன் நடந்த பெரிய திருட்டு சென்ற ஆண்டில் நடந்ததுபோலத் தோன்றும். அதனால் "ஓர் ஆண்டில்" என்பதைவிட "சென்ற பொங்கலிலிருந்து இன்று வரை" என்று கேட்பது நல்லது.

நினைவு மட்டுமா தடை? அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் 1971-ஆம் ஆண்டில் ஒரு சோதனை செய்தார்கள். ஏற்கெனவே காவல்துறையில் புகார் கொடுத்தவர்களின் வீட்டுக்கே சென்று, புகாரைப் பற்றித் தெரியாததுபோல் கேட்டார்கள். அந்நியரால் பாதிக்கப்பட்டவர்களில் நாலில் மூன்று பேர் நடந்ததைச் சொன்னார்கள். உறவினரால் பாதிக்கப்பட்டவர்களில் நாலில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. கேள்வித்தாளுக்கும் எட்டாத இருள் உண்டு என்பது தெளிவாயிற்று.

இதனால்தான் நம் தேசியக் குடும்பநல ஆய்வு, வீட்டு வன்முறை பற்றிக் கேட்கும்போது தனி விதிகளைக் கடைப்பிடிக்கிறது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணை மட்டும், வேறு யாரும் காதில் வாங்காத இடத்தில் கேட்க வேண்டும். 2019-21 ஆய்வில், உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்களில் யாரிடமாவது உதவி தேடியவர்கள் நூற்றுக்கு 14 பேர்தாம்.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 23 பேருக்கு 18 வயது நிரம்புமுன்னே திருமணம் ஆகியிருந்தது. இந்தியாவில் அந்த வயதுப் பெண்கள் ஐந்து கோடிக்கும் மேல். அப்படியென்றால் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சிறுமியர் திருமணங்கள். இவை பல ஆண்டுகளில் நடந்தவைதாம். ஆனால் 2021-ஆம் ஆண்டில் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்கீழ் நாடு முழுவதும் பதிவான வழக்குகள் 1,050 மட்டுமே! மணமான சிறுமி யாரிடம் போய்ப் புகார் கொடுப்பாள்? திருமணத்தை நடத்தியவர்களே அவளுடைய வீட்டார் ஆயிற்றே.

இந்த இடைவெளியை அறிவதால் என்ன பயன்? ரோந்துக் காவலரை எங்கே அனுப்புவது, தெருவிளக்கை எங்கே போடுவது என்பவை எண்களைக் கொண்டே முடிவாகின்றன. புகார் கொடுக்க அஞ்சும் தெரு, கணக்கில் அமைதியான தெருவாகத் தோன்றும். அங்கே விளக்கும் வராது, காவலரும் வரமாட்டார்.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளியில் எத்தனை மாணவர்களை மற்றவர்கள் மிரட்டிப் பொருளைப் பறித்திருக்கிறார்கள்? நேராகக் கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். 1965-ஆம் ஆண்டில் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் வார்னர் இதற்கு ஓர் அழகான வழியின் அடிப்படையை வகுத்தார். அதன் எளிய வடிவம் இது. ஆசிரியரின் அனுமதியுடன் செய்யுங்கள்.

ஒவ்வொருவரும் பிறர் பார்க்காமல் ஒரு நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால், உண்மை எதுவானாலும், தாளில் 'ஆம்' என்று எழுத வேண்டும். பூ விழுந்தால் உண்மையை எழுத வேண்டும். தாளில் பெயர் கூடாது. 200 பேர் எழுதி, 120 'ஆம்' வந்தன என்று கொள்வோம். ஏறத்தாழ 100 பேருக்குத் தலை விழுந்திருக்கும். அவர்களது 'ஆம்'களைக் கழித்துவிடுங்கள். மீதி 20 'ஆம்', பூ விழுந்த 100 பேரிடமிருந்து வந்தவை. ஆக, நூற்றுக்கு 20 பேர் மிரட்டப்பட்டிருக்கிறார்கள். 'ஆம்' என்று எழுதிய எந்தத் தனி மாணவனைப் பற்றியும் நமக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பள்ளியைப் பற்றித் தெரிந்துவிட்டது!

வந்த எண்ணைத் தலைமையாசிரியரிடம் வந்த புகார்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பள்ளியின் இருண்ட எண் கிடைக்கும். அந்த 20 பேரில் நீங்களும் ஒருவராக இருந்தால், நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமோ, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலோ சொல்லுங்கள். கணக்காய்வு உங்களை எண்ண முடியும். உங்களுக்கு உதவி வர, நீங்கள் பேச வேண்டும்.