ராணுவ ஜிப்சி வாங்குமுன் சற்று நில்லுங்கள்



ஊரை விட்டு நகரத்திற்கு வந்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு வாகனம் வாங்க எண்ணுகிறீர்கள். அப்போது உங்கள் மகன், "ராணுவத்தில் ஓடிய மாருதி ஜிப்சி மலிவாகக் கிடைக்கிறது, எந்த மலையும் ஏறும்" என்று ஒரு படத்தைக் காட்டுகிறான். அவன் ஆசையைக் குறைகூற வேண்டாம். ஆனால் பணத்தை எடுத்துக் கொடுக்குமுன் சில காரியங்களை நிதானித்துப் பாருங்கள்.

ஜிப்சி 1985-இல் இந்தியாவில் அறிமுகமானது. 1990-களின் தொடக்கத்திலிருந்து ராணுவத்தில் உழைத்தது. எடை குறைவாதலாலும், நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை தருவதாலும், சேற்றிலும் பனிமலையிலும் அது பேர் பெற்றது. காலம் முடிந்த வண்டிகளை ராணுவம் கழித்து ஏலம் விடுகிறது. மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் இணையதள ஏலமே அதற்குரிய முக்கிய வழி. அங்கே முன்வைப்புத் தொகை செலுத்தியே ஏலம் கேட்க வேண்டும். வண்டி 'உள்ளது உள்ளபடி' விற்கப்படும். பின்னர் குறை சொல்ல இடமில்லை.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ராணுவ வண்டியின் அம்புக்குறி எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியாது. பாதுகாப்புப் பணியிலிருந்து நீங்கிய வண்டியைப் பொது வண்டியாகப் புதிதாய்ப் பதிவு செய்ய வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு கூறுகிறது. அந்தப் பதிவு கிடைக்காவிட்டால் நீங்கள் வாங்கியது வெறும் இரும்பே. ஆகவே ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து வாங்குவதானால், முதலில் ஆர்.சி. புத்தகத்தைக் கேளுங்கள். அதிலுள்ள இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறிக்கப்பட்ட எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வண்டியின் வயதையும் கணக்கிடுங்கள். 15 ஆண்டுகளானபின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தில்லியில் வாழ்வோர் மேலும் கவனமாயிருக்க வேண்டும். அங்கும் சுற்றுவட்டாரத்திலும் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கான தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. 2025-இல் அதில் மாற்றங்கள் வந்தன. இன்றைய நிலையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள்.

ஆவணங்கள் சரியாயிருந்தால், நம்பிக்கையான மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள். அடிச்சட்டத்தில் துருவோ, வெல்டிங் வைத்த தடமோ உண்டா என்று குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சக்கர இழுவையைத் தார்ச்சாலையில் அல்ல, மண் தரையில் போட்டுச் சோதியுங்கள். அதைக் காய்ந்த தார்ச்சாலையில் ஓட்டினால் பற்சக்கரங்கள் சேதமாகும். இது லீஃப் ஸ்பிரிங் வண்டி, குலுங்கும். பின்னால் பக்கவாட்டு இருக்கைகள் இருந்தால், அவற்றில் சீட் பெல்ட் உண்டா என்று பாருங்கள். பிள்ளைகளையும் முதியோரையும் நெடுந்தூரம் அழைத்துச் செல்ல எண்ணுவோர் இதை மறந்துவிடலாகாது.

அந்தப் பச்சை நிறத்தின்மேல்தான் ஆசையா? பாதுகாப்புத் துறையின் வண்டிகளைத் தவிர வேறு வண்டிகளுக்கு ஆலிவ் பச்சை பூசக்கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 தடை செய்கிறது. வேறு நிறம் பூசும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிப்பு. "நான் ராணுவ வீரன், மாற்றலாகிப் போகிறேன், பாதி விலைக்குத் தருகிறேன், அனுப்பும் செலவுக்கு மட்டும் முன்பணம் போடுங்கள்" என்று சீருடைப் படத்தோடும் அடையாள அட்டையோடும் தொலைபேசியில் பேசி ஏமாற்றுவோர் உண்டு. பணம் போனபின் வண்டியும் வராது, தொலைபேசியும் எடுக்கப்படாது. சீருடையின்மேல் நமக்குள்ள மரியாதையையே அவர்கள் வலையாக விரிக்கிறார்கள். வண்டியைக் கண்ணால் காணாமலும், ஆவணங்களைக் கையில் வாங்கிச் சரிபார்க்காமலும் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள். பல ஆண்டு உழைப்பின் சேமிப்புக்காகச் சில நாள் பொறுத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.