எடுத்துச்செல்லத்தக்க ஒலிபெருக்கி

எடுத்துச்செல்லத்தக்க ஒலிபெருக்கி என்பது மேடைப்பேச்சு, இசை, கூத்து முதலிய நேரடி நிகழ்ச்சிகளின் ஒலியைக் கூட்டத்தினர் அனைவரும் கேட்கும் வண்ணம் பரப்புவதற்காக, நிகழ்விடத்துக்கு ஏற்றிச்சென்று தற்காலிகமாக நிறுவப்படும் ஒலிபெருக்கி ஆகும். ஒலிவாங்கி, ஒலிக்கலப்பி, மின்பெருக்கி ஆகியவற்றுடன் சேர்ந்த இதன் முழுத் தொகுதி தமிழ்நாட்டில் பேச்சுவழக்கில் "மைக் செட்" எனப்படுகிறது. ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் வாட் அளவைக் கொண்டே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. எனினும், கடைசி வரிசையில் இருப்பவருக்குச் சொல் தெளிவாகக் கேட்பதை உணர்திறன், பரவுகோணம், நிறுவும் இடம் ஆகியவையே பெரிதும் தீர்மானிக்கின்றன.

வரலாறு

பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் ஆகிய இருவரும் உருவாக்கிய ஒலிபெருக்கி 1915 டிசம்பர் 24 அன்று சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்தின் முன் பெருங்கூட்டத்துக்குப் பயன்படுத்தப்பட்டது. இன்றைய பெட்டி ஒலிபெருக்கிகளுக்கு அடிப்படையான இயங்குசுருள் அமைப்பை செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகியோர் 1925-இல் வெளியிட்டனர்.

தென் தமிழகத்தில் பயன்பாடு

திருநெல்வேலி மாவட்டத்தின் கூடங்குளம், இராதாபுரம் வட்டாரத்தில் சுடலைமாடன், இசக்கியம்மன் முதலிய நாட்டார் தெய்வங்களுக்குக் கொடை விழாக்களும், கடலோர ஊர்களில் தேவாலயத் திருவிழாக்களும் நடைபெறுகின்றன. கொடைகளில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் இடம்பெறும். வில்லுப்பாட்டில் கதை சொல்லாலேயே நகர்வதால் சொற்கள் புரிவது இன்றியமையாதது. அதே வேளையில் குடத்தின் தாழ்ந்த ஒலியும் உடுக்கையின் ஒலியும் கேட்க வேண்டும். நையாண்டி மேளம் இயல்பாகவே உரத்து ஒலிப்பதால் அதற்கு ஒலிபெருக்கம் குறைவாகவே தேவைப்படும்.

வகைகள்

- கூம்பு ஒலிபெருக்கி: உணர்திறன் மிக்கது; குறைந்த மின்திறனில் நெடுந்தொலைவு கேட்கும். மழையையும் ஓரளவு தாங்கும். ஆனால் ஏறத்தாழ 300 எர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகளை நன்கு தராது. எனவே குரல் கேட்கும். குடத்தின் ஆழ்ந்த ஒலி மறைந்துவிடும்.
- பெட்டி ஒலிபெருக்கி: 12 அல்லது 15 அங்குலத் தாழொலிக் கூம்பும், உயர் ஒலிக்கெனத் தனி இயக்கியும் கொண்டது. பேச்சு, இசை இரண்டுக்கும் ஏற்றது.
- தற்பெருக்கிப் பெட்டி: மின்பெருக்கி உள்ளேயே அமைந்தது. இணைப்பது எளிது, ஆயினும் ஒவ்வொரு பெட்டிக்கும் மின்கம்பியும் ஒலிக்கம்பியும் தனித்தனியே செல்ல வேண்டும்.
- மின்கலப் பெட்டி: மின்னிணைப்பு இல்லாத இடங்களில் சிறு கூட்டத்துக்குப் போதுமானது.

தேர்வுக்கான கூறுகள்

உணர்திறன் என்பது 1 வாட் திறனில் 1 மீட்டர் தொலைவில் கிடைக்கும் ஒலி அளவாகும். மின்திறனை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். ஆகவே 97 டெசிபெல் உணர்திறன் கொண்ட பெட்டி 200 வாட்டில் தரும் ஒலியை, 100 டெசிபெல் உணர்திறன் கொண்ட பெட்டி 100 வாட்டிலேயே தந்துவிடும்.

விளம்பரங்களில் காணப்படும் உச்சத்திறன், இடைவிடாத் திறனின் 4 மடங்காகக் குறிக்கப்படுவது வழக்கம். ஒப்பிடும்போது இடைவிடாத் திறனையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பரவுகோணம் என்பது ஒலி தெளிவாகப் பரவும் கோணமாகும். கிடைமட்டத்தில் 90 பாகை கொண்ட பெட்டி அகன்ற பந்தலுக்கும், 60 பாகை கொண்டது நீண்ட தெருவுக்கும் ஏற்றது.

மின்மறுப்பும் கவனிக்கத்தக்கது. 8 ஓம் பெட்டிகள் இரண்டைப் பக்க இணைப்பில் இணைத்தால் 4 ஓம் ஆகும். மின்பெருக்கி அந்த அளவைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டு

திறந்தவெளியில் தொலைவு இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது. முதல் வரிசை 4 மீட்டரிலும் கடைசி வரிசை 32 மீட்டரிலும் இருந்தால், இரண்டுக்கும் இடையே 18 டெசிபெல் வேறுபாடு உண்டாகும். கடைசி வரிசைக்குப் போதுமான அளவில் ஒலியைக் கூட்டினால், முன்னால் அமர்ந்திருக்கும் குழந்தைகளின் காதுக்கு அது மிகையாகும்.

பெட்டியைத் தலைக்கு மேல் உயரும் தாங்கியில் வைத்துக் கீழ்நோக்கிச் சற்றுச் சாய்த்தால் இவ்வேறுபாடு குறையும். மேடையிலிருந்து 16 மீட்டர் தொலைவில் பின்வரிசைகளை நோக்கி இரண்டாம் பெட்டியை வைத்தால், முதற்பெட்டியின் ஒலியை வெகுவாகக் குறைக்கலாம். ஆனால் முதற்பெட்டியின் ஒலி 16 மீட்டரைக் கடக்கச் சுமார் 46 மில்லிநொடி ஆகும். இரண்டாம் பெட்டிக்குச் செல்லும் ஒலியையும் அதே அளவு தாமதப்படுத்தாவிட்டால் சொற்கள் இரட்டித்துக் குழம்பும்.

ஒலிவாங்கிகள் எப்போதும் பெட்டிகளுக்குப் பின்புறத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் வெளிவந்த ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து ஊளைச் சத்தம் எழும்.

கடற்காற்றும் உப்பும்

கூடங்குளம் கடலோரத்தில் அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இங்கு காற்று வலுத்து வீசும். ஆடி மாதக் கொடைகள் இக்காலத்திலேயே வருகின்றன. காற்று வீசும் திசையில் ஒலி தொலைதூரம் செல்லும். எதிர்த்திசையில் மேல்நோக்கி வளைந்து விரைவில் மங்கும். தாங்கிகளின் கால்களில் மணல்மூட்டை வைப்பதும், ஒலிவாங்கிக்கு நுரையுறை இடுவதும் தேவை. உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிப்பதால், நிகழ்ச்சி முடிந்ததும் அவற்றைத் துடைத்து உறையிட்டு வைக்க வேண்டும்.

சட்ட வரையறைகள்

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகளின்படி ஒலிபெருக்கியைப் பயன்படுத்த எழுத்து மூலமான அனுமதி தேவை. பொது இடத்தின் எல்லையில் ஒலி, சூழல் ஒலி வரம்பைவிட 10 டெசிபெல் கூடுதல் அல்லது 75 டெசிபெல், இவற்றுள் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபெல் ஆகும். திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உள்ளது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். உச்ச நீதிமன்றம் 2005-இல் இரவுத் தடையை வலியுறுத்தியதுடன், இத்தளர்வு செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. விநாயகர் சதுர்த்தி போன்ற விழாக்களுக்குத் தமிழ்நாட்டுக் காவல்துறை விதிக்கும் நெறிமுறைகளில் கூம்பு ஒலிபெருக்கிகள் விலக்கப்பட்டு, பெட்டி ஒலிபெருக்கிகளே அனுமதிக்கப்படுகின்றன.

நாட்டார் தெய்வக் கொடையின் முதன்மைப் பகுதியான சாமக்கொடை நள்ளிரவில் நிகழ்வதால், வழக்கத்துக்கும் இவ்விதிக்கும் இடையே முரண் எழுகிறது. வில்லுப்பாட்டின் பெரும்பகுதியை இரவு 10 மணிக்குள் அமைத்து, நள்ளிரவுப் பூசையை ஒலிபெருக்கியின்றி நடத்துவது விதிக்கு உட்பட்ட ஒரு வழியாகும். அனுமதிக்கப்பட்ட நேரத்திலும், ஊர் முழுதும் ஒலிக்கும் ஒரே பெரிய தொகுதியைவிடக் கேட்போரின் அருகிலேயே வைக்கப்படும் சிறிய பெட்டிகள் பந்தலுக்குள் தெளிவையும், பந்தலுக்கு வெளியே உள்ள நோயாளர், மாணவர் ஆகியோருக்கு அமைதியையும் தருகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

- ஒலிவாங்கி
- டெசிபெல்
- வில்லுப்பாட்டு
- ஒலி மாசு