லண்டனில் குண்டு விழாத செப்டம்பர்

1939 செப்டம்பரில் பிரிட்டன் செய்த போர் ஏற்பாடுகள் பெரும்பாலும் அதுவரை நிகழ்ந்திராத ஒரு வான்தாக்குதலை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. போர் மூண்ட முதல் 60 நாட்களிலேயே குண்டுவீச்சுக்கு 6 லட்சம் பேர் பலியாகலாம் என்று அந்நாட்டுப் பாதுகாப்புத் திட்டக் குழுக்கள் 1937-இல் கணித்திருந்தன. இத்தகைய அச்சம் அரசுக் கோப்புகளோடு நின்றுவிடவில்லை, எச்.ஜி. வெல்ஸ் திரைக்கதை எழுதி அலெக்சாண்டர் கோர்டா தயாரித்த 'திங்ஸ் டு கம்' என்னும் 1936-ஆம் ஆண்டுத் திரைப்படம், ஒரு பெருநகரம் வானிலிருந்து விழும் குண்டுகளால் சிதைவதைக் காட்டி, வரப்போகும் போரின் உருவத்தைப் பொதுமக்கள் மனத்தில் முன்கூட்டியே வரைந்துவிட்டிருந்தது.

ஆகவே செப்டம்பர் 3 அன்று பிரதமர் நெவில் சேம்பர்லின் போர் அறிவிப்பை வானொலியில் வெளியிட்டதை அடுத்து, திரையரங்குகளும் நாடக அரங்குகளும் மறு உத்தரவு வரும்வரை மூடப்படும் என்ற ஆணையும் வாசிக்கப்பட்டது. கூட்டம் நிறைந்த ஓர் அரங்கின்மீது ஒரு குண்டு விழுந்தால் பெருந்திரளானோர் மடிவர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். வழிபாட்டிடங்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. தேவாலயக் கூரைகள் எவ்வகையில் உறுதி மிக்கவை என்பதை ஆணை விளக்கவில்லை. கால்பந்து லீக் போட்டிகளும் நிறுத்தப்பட்டன. நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா இம்மூடலைக் கடுமையாகக் கண்டித்து 'டைம்ஸ்' நாளிதழுக்கு எழுதினார்.

தொலைக்காட்சி இதற்கு இரண்டு நாள் முன்னரே, செப்டம்பர் 1 அன்று, ஒரு மிக்கி மவுஸ் கேலிப்படத்துக்குப் பின் நிறுத்தப்பட்டிருந்தது. லண்டனையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஏறத்தாழ 20,000 வீடுகளில் மட்டுமே அப்பெட்டி இருந்ததால் இழப்பைப் பலர் உணரவில்லை. வானொலியில் நிகழ்ந்த மாற்றமோ நாடு முழுவதையும் தொட்டது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனி அலைநீளத்தில் ஒலிபரப்பு நடந்தால், எதிரி விமானிகள் அந்த அலைகளைப் பின்பற்றித் தாம் இருக்குமிடத்தைக் கணித்துவிடக்கூடும் என்பதால், பி.பி.சி. தன் நிலையங்களை இரண்டு பொது அலைநீளங்களில் ஒருங்கிணைத்து, 'ஹோம் சர்வீஸ்' என்ற ஒரே நிகழ்ச்சித் தொடரை எங்கும் ஒலிக்கச் செய்தது. பொறியியல் நோக்கில் இது நேர்த்தியான தீர்வு. ஆனால் நிகழ்ச்சிக் கலைஞர்கள் பிரிஸ்டல் முதலிய இடங்களுக்குச் சிதறிப் போயிருந்த அந்நாட்களில், நேயர்களுக்குக் கிடைத்தவை செய்தியறிக்கைகளும் அரசு அறிவுரைகளும் இசைத்தட்டுகளும் சாண்டி மெக்ஃபர்சன் என்ற கலைஞர் ஓயாமல் வாசித்த ஆர்கன் இசையும்தாம். இருட்டடிப்பினால் வீட்டுக்குள் அடைபட்டிருந்த மக்களுக்குக் குண்டைவிடச் சலிப்பே அருகில் நின்ற பகையாயிற்று.

உண்மையில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த இடம் வார்சா. ஜெர்மன் படைகளால் முற்றுகையிடப்பட்ட அந்நகரின் மேயர் ஸ்டெஃபான் ஸ்டாஷின்ஸ்கி வானொலி வழியாகவே மக்களுக்கு மனவுறுதி ஊட்டிவந்தார். லண்டன் திரையரங்குகள் தடை தளர்ந்து மீண்டும் திறக்கத் தொடங்கிய செப்டம்பர் நடுப்பகுதியில், 17-ஆம் நாள், சோவியத் படைகளும் கிழக்கிலிருந்து போலந்துக்குள் நுழைந்தன. 23-ஆம் நாள் விளாடிஸ்லாவ் ஷ்பில்மன் என்னும் பியானோ கலைஞர் ஷோப்பானின் இசையை வார்சா நிலையத்தில் வாசித்தார். அன்றே நிலையம் செயலிழந்தது, சில நாட்களில் நகரமும் பணிந்தது.

பிரிட்டனில் அரசு விட்டுவைத்த வெற்றிடத்தை வேறொருவர் நிரப்பினார். மாலைச் செய்தி முடிந்ததும் வானொலி முள்ளை ஹாம்பர்க் நிலையத்துக்குத் திருப்பி, 'லார்ட் ஹா-ஹா' என்று பத்திரிகைகள் பட்டப்பெயர் சூட்டிய ஆங்கிலப் பரப்புரையாளரின் ஏளனப் பேச்சைக் கேட்பது பல வீடுகளில் வழக்கமாயிற்று. பின்னாளில் இப்பெயர் வில்லியம் ஜாய்ஸ் என்பவரையே குறிப்பதாக நிலைத்தது. ஜெர்மனியில் அயல்நாட்டு வானொலியைக் கேட்பது செப்டம்பரிலேயே தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டிருக்க, பிரிட்டிஷ் அரசு அப்படியொரு தடையை விதிக்கவில்லை. அது துணிவான முடிவு. ஆனால் தடைக்குப் பதிலாகக் கேட்கத்தக்க ஒன்றைத் தானே தர வேண்டிய கட்டாயமும் அதனோடு சேர்ந்தே வந்தது.

செப்டம்பர் 19 அன்று டாமி ஹான்ட்லியின் 'இட்மா' என்ற நகைச்சுவைத் தொடர் மீண்டும் தொடங்கியது அந்த வகையில் முக்கியமானது. ஹான்ட்லி அதில் குழப்பமே தொழிலாகக் கொண்ட ஒரு கற்பனை அமைச்சகத்தின் அமைச்சராக வந்து, சுற்றறிக்கைகளையும் கெடுபிடிகளையும் கேலி செய்தார். ஃபுன்ஃப் என்னும் ஜெர்மன் உளவாளியின் தொலைபேசிக் குரல் நாடெங்கும் நகைப்புக்குரியதாயிற்று. எதிரியையும் தன் அரசையும் ஒரே மூச்சில் கிண்டல் செய்த இந்நிகழ்ச்சி, அமைச்சர்களின் உரைகளைவிட மக்களை அதிகம் தேற்றியிருக்கும் என்றே எண்ணத் தோன்றுகிறது.

திரைத்துறையும் விரைந்தது. கோர்டா, மைசூர்ப் பகுதியைச் சேர்ந்த நடிகர் சாபு நடித்துக்கொண்டிருந்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' படப்பிடிப்பு பாதியில் இருக்கும்போதே, 'தி லயன் ஹாஸ் விங்ஸ்' என்ற பரப்புரைப் படத்தைச் சில வாரங்களில் முடித்து நவம்பரில் வெளியிட்டார். மூன்றாண்டுகளுக்கு முன் வான்தாக்குதலின் கோரத்தைக் காட்டிய அதே தயாரிப்பாளர், இப்போது கம்பி கட்டிப் பறக்கவிடப்பட்ட தடுப்பு பலூன்களைக் கண்டே ஜெர்மன் விமானங்கள் திரும்பிப் போவதாகக் காட்டினார். சாபுவின் படம் பின்னர் அமெரிக்காவில் நிறைவுற்றது.

பிரான்சில் சண்டையின்றி முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் வீரர்களுக்காக பி.பி.சி. 1940 ஜனவரியில் இரண்டாவது அலைவரிசை ஒன்றைச் சோதனையாகத் தொடங்கியது. முகாம்களில் பலர் கூடியிருந்து, பேச்சுக்கும் சீட்டாட்டத்துக்கும் நடுவே கேட்பார்கள் என்பதால், நடன இசையும் நகைச்சுவையும் விளையாட்டுச் செய்திகளுமாக அது அமைந்தது. படைவீரர்களுக்கென்று திட்டமிடப்பட்ட அதனை உள்நாட்டில் குடும்பங்களும் விரும்பிக் கேட்கத் தொடங்கின.