விரல் எரிகிறதா? கிட்டாரைக் கவனியுங்கள்!

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கம் நம் பிள்ளைகள் ஆசையோடு கிட்டார் வாங்குகிறார்கள். கோவிலில் ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்க ஒருவர், பொங்கல் விழா மேடைக்கு இன்னொருவர். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், பல வீடுகளில் அது பரண் மேல் தூசி படிந்து கிடக்கிறது. "நமக்கு வரலை" என்கிறார்கள். பாதிப் பேர் விஷயத்தில் குறை கிட்டாரில்தான் இருக்கிறது!

மேடைக்கு ஏற்றது 'எலக்ட்ரோ அக்கூஸ்டிக்' கிட்டார். தோபி தலாவ் கடைகளில் 'செமி அக்கூஸ்டிக்' என்று கேட்டாலும் இதைத்தான் எடுத்து வைப்பார்கள். வீட்டில் சும்மாவும் வாசிக்கலாம். மேடையில் ஒயர் சொருகி ஒலிபெருக்கியிலும் வாசிக்கலாம். பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது.

தந்திகள் ஏறி நிற்கும் சிறு வெள்ளைப் பட்டைக்கு 'சேடில்' என்று பெயர். அதன் அடியில், அழுத்தத்தை மின்சாரமாக மாற்றும் 'பீசோ' பட்டை படுத்திருக்கும். பியர் கியூரியும் அவர் அண்ணனும் 1880-ல் கண்டறிந்த தத்துவம் இது. கியாஸ் அடுப்பு லைட்டரை அழுத்தினால் பொறி பறக்கிறதே, அதுவும் இதேதான்.

<b>ஊசி பிடிக்க முடியவில்லை</b>

தாராவித் தோல் பட்டறையில் வேலை பார்க்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவர், ஒரு வருடம் சீட்டுக் கட்டிய பணத்தில் இப்படி ஒன்று வாங்கினார். இரண்டே மாதத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தார்.

"விரல் எரியுது, அண்ணாச்சி. காலையிலே ஊசி பிடிக்க முடியலை" என்றார். தைக்கிற பைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். விரல் புண்ணானால் அன்றைய கூலி போயிற்று.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் பிரெட். பன்னிரண்டாவது பிரெட்டில் ஸ்கேல் வைத்துப் பார்த்தோம். தடித்த தந்திக்கும் பிரெட்டுக்கும் இடையே மூன்றரை மில்லிமீட்டர் இடைவெளி! இரண்டரை இருந்தால் போதும். மெல்லிய தந்திக்கு இரண்டு. மலிவுக் கிட்டார்கள் பல, தொழிற்சாலையிலிருந்து இப்படித் தந்தி தூக்கியே வருகின்றன. உட்கார்ந்து சரி செய்ய அந்த விலையில் அவர்களுக்குக் கட்டாது.

<b>ஒரு மணி நேர வேலை</b>

பழுது பார்ப்பவர் முதலில் கழுத்தைப் பார்த்தார். முதல் பிரெட்டிலும், கழுத்து உடம்போடு சேரும் இடத்திலும் தந்தியை அழுத்தினால், நடுவே ஏழாவது பிரெட்டில் ஒரு போஸ்ட் கார்டு கனம் இடைவெளி தெரிய வேண்டும். அதிகம் இருந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைச் சாவி போட்டு முறுக்கினால் நிமிரும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் கூடாது. கம்பி அறுந்தால் கிட்டார் விலையே போய்விடும். பழகாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

அடுத்து, தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பள்ளங்கள். மூன்றாவது பிரெட்டில் அழுத்தும்போது முதல் பிரெட்டின் மேல் ஒரு காகித கனம்தான் இடைவெளி இருக்கலாம். அதையும் அரத்தால் சரி செய்தார்.

கடைசியில் சேடில். அடிப்பக்கத்தை ஒரு மில்லிமீட்டர் தேய்த்தால் பன்னிரண்டாவது பிரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்கும். தேய்ப்பு சமமாக இருக்க வேண்டும். கோணலானால் பீசோவின் மேல் சரியாகப் படியாது. ஒரு தந்தி மட்டும் ஸ்பீக்கரில் ஊமையாகிவிடும். புதுக் கிட்டார் வாங்கும்போதே, கடையில் ஒயர் சொருகி ஆறு தந்தியையும் தனித்தனியே தட்டிக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

0.012 அங்குலத் தந்தி செட்டைக் கழற்றி 0.010 செட் போட்டார். கூலியும் தந்தியும் சேர்த்து ஆயிரம் ரூபாயைச் சுற்றி ஆயிற்று. கழுத்தை அவர் அதற்கேற்ப மறுபடி சரி பார்த்தார். தந்தி கனம் மாறினால் இழுவையும் மாறும். தம்பி இப்போது கிட்டாரை விற்கும் பேச்சே எடுப்பதில்லை.

<b>மழையும் பேட்டரியும்</b>

ஜூனில் தொடங்கும் மும்பை மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும். தந்தி மறுபடி உயரும். இந்த விலையில் மேல் பலகை பெரும்பாலும் ஒட்டுப் பலகைதான். முழு மரத்தை விட அது ஈரத்தைத் தாங்கும் என்பதால் நம் ஒழுகல் அறைகளுக்கு அதுவே உத்தமம்! மழை முடிந்ததும் ஒரு தடவை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஊருக்கு ரயிலில் கொண்டு போனால் வெயில் அடிக்கும் ஜன்னலோரம் சாய்க்காதீர்கள். சூட்டில் பசை இளகி, தந்தி கட்டிய பிரிட்ஜ் பலகை பெயர்ந்து வரும்.

ஸ்பீக்கர் ஊளையிட்டால் அதற்கு நேரே நிற்காமல் விலகி நின்று, ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைக்கலாம்.

இந்தக் கிட்டார்களில் பெரும்பாலும் 9 வோல்ட் பேட்டரி இருக்கும். ஒயரைச் சொருகியதுமே அது செலவாகத் தொடங்கிவிடும். வாசித்து முடித்ததும் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். மேடைக்குப் போகும் நாளில் உபரி பேட்டரி ஒன்று பையில் இருக்கட்டும்.